இரண்டு பக்கத்திலும் இல்லாத ஆறு பத்து

பஸ் ஓடுகிறது, ஆனால் அந்த பஸ்ஸை விடச் சொன்னவர் யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சின்னவளின் மேசையில் வந்து விழுந்த விவகாரம் இதுதான். வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். முப்பத்து நான்கு வயதாகிவிட்டது, காதோரம் ஒரு நரைகூட எட்டிப் பார்த்துவிட்டது. இருந்தாலும் அக்கா என்று ஒருத்தி இருக்கிறவரை சின்னவள் சின்னவள்தானே. நகரப் போக்குவரத்துக் கழகத்தின் மூன்றாம் மாடியில், கால அட்டவணைப் பிரிவில் அவளுக்கு எட்டு வருடமாக வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு நாற்காலி, இரண்டு கணினி, சரியாக மூடாத ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

ஊரில் இரண்டு டிப்போ. இரண்டும் ஒரே தடங்களில்தான் வண்டி விடுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு அட்டவணையும் இரண்டு டிப்போவுக்கும் போகும். இவர்கள் பங்குக்கு இவர்கள் திருத்துவார்கள், அவர்கள் பங்குக்கு அவர்கள். திருத்திய இரண்டு கோப்பும் திரும்பி வரும். அக்கா தங்கை மாதிரி, பார்த்தால் ஒரே சாயல், உள்ளே போனால் பாதி விஷயத்தில் ஒத்துப்போகாது.

அந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக ஒட்டுவதுதான் அவள் பிழைப்பு. திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். இடது பக்கம் முதல் டிப்போ, வலது பக்கம் இரண்டாம் டிப்போ. ஒத்துப்போகிற வரிகள் வெள்ளை. ஒத்துப்போகாதவை மஞ்சள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாதவை பச்சை. நிறம் உள்ள ஒவ்வொரு வரியிலும் நின்று, யோசித்து, அம்புக்குறியை அமுக்கினால் அந்த வரி இறுதி அட்டவணையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இறுதி அட்டவணையை வேறொரு கணினி வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வண்டியையும் ஓர் ஓட்டுநரையும் ஒதுக்கிவிடும். ஏன், எதற்கு என்று அது கேட்காது. வரி இருந்தால் வண்டி உண்டு.

"பதினாலாம் நம்பர். ஆஸ்பத்திரி பின்வாசல். சாயங்காலம் ஆறு பத்து" என்றார் மேலாளர், கையில் இருந்த தாளைப் பார்த்து. "ஏழு வாரமா ஓடுது. ரெண்டாவது டிப்போ கிளார்க் நேத்துதான் ஃபோன் பண்ணி, 'நாங்க கேக்காத வண்டி ஒண்ணு எங்க டிப்போ வாசல்லேர்ந்து போயிட்டு வருது, யாரு விட்டது'ன்னு கேக்குறார். முதல் டிப்போவும் எங்களுது இல்லைங்குது. ரெண்டு பேரு அனுப்பின ஃபைலையும் நானே பாத்துட்டேன். ரெண்டுலயும் இல்ல. நீங்க ஒட்டினதுல மட்டும் இருக்கு."

மேலாளருக்கு அலுவலகம் வைத்திருக்கும் பெயர் பூட்டு. டீத்தூள் அலமாரிக்குப் பூட்டு, தாள் கட்டுக்குப் பூட்டு, ஸ்டேப்ளருக்கு ஒரு சங்கிலி. கெட்ட மனிதர் இல்லை. திறந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும், அவ்வளவுதான்.

"அந்த ஜன்னல்ல டைப் பண்ண முடியுமாமே?" என்று கேட்டார். ஏதோ தெருவில் கைக்குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்ப்பது போல சின்னவளையும் பக்கத்து நாற்காலிக்காரரையும் பார்த்தார். "ஒப்பிட்டுப் பாக்குற இடத்துல எதுக்குங்க எழுதணும்? வியாழக்கிழமை மீட்டிங். அந்த ஜன்னலைப் பூட்டணுமா வேண்டாமான்னு ஆளுக்கொரு கருத்தோட வாங்க. அதுக்குள்ள இந்த வரியை யாரு எழுதினதுன்னும் தெரிஞ்சாகணும்." கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். "டிப்போவுல யாராவது ஃபோன்ல சொல்லி நீங்க போட்டிருந்தீங்கன்னா அதைச் சொல்லிடுங்க. ஒரு கடிதம் வாங்கி வச்சுக்கலாம், பஸ்ஸும் பாட்டுக்கு ஓடும். இல்லைன்னா வரியை எடுத்துட வேண்டியதுதான்."

அவர் போனதும் அறையில் இருந்த இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பெயரே கண்ணாடிக்காரர்தான். இருபத்தாறு வருட அனுபவம். கண்ணாடி துடைக்க ஆரம்பித்தால் அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று பொருள்.

"நீங்க போட்டீங்களா சார்?" என்று கேட்டாள் சின்னவள்.

"நானா? அதான் உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

இரண்டையும் ஒட்டிய அன்றைக்கு அந்தக் கோப்பைக் காலையில் ஆரம்பித்தது அவள். சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குத் தலைவலி என்று அவர் அதே கணினியில் உட்கார்ந்து மீதியைப் பார்த்தார். கணினியைக் கேட்டால் ஒரே பெயரைத்தான் சொல்லும். அந்த ஜன்னலோ யார் எந்த எழுத்தைத் தட்டினார்கள் என்று குறித்துவைக்கிற சாதியில்லை. திறந்த வீடு. வந்தவர் வரலாம், போனவர் போகலாம்.

சின்னவள் இரண்டு டிப்போவின் பழைய மின்னஞ்சல்களையும் திறந்து பார்த்தாள். இடதில் ஐந்து நாற்பதுக்கு ஒரு பஸ், அடுத்தது ஏழு ஐந்து. வலதிலும் அப்படியே. நடுவில் ஒன்றும் இல்லை. இறுதி அட்டவணையைத் திறந்தால், ஐந்து நாற்பதுக்கும் ஏழு ஐந்துக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது ஆறு பத்து. எழுத்து, இடைவெளி, கோடு, எல்லாம் கச்சிதம். அத்தனை கச்சிதமாக அந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் எழுத வரும்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களில் ஒருத்தி அவளுடைய அக்கா.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை. ஆறு மணிக்கு விடுவார்கள். மூன்று வயது மகளைக் குடியிருப்புக்குப் பக்கத்திலிருக்கும் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறாள். காப்பகம் ஏழு மணிக்கு மூடிவிடும். அத்தானுக்கு வெளியூர் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவார். ஏழு ஐந்து பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகிறவள் ஏழு மணிக்குக் குழந்தையை எப்படிக் கூட்டுவாள்? அதனால் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லப் போனவள்தான் அக்கா. புது அட்டவணை வந்ததும் சரி என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் அந்த பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே ஃபோன் செய்தாள். "அடியே, நீதானே போட்ட? உண்மையைச் சொல்லு." சின்னவள் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, உனக்காக ஸ்பெஷலா விட்டேன், போ" என்றாள். அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு.

இன்றைக்கு அது வேடிக்கையா, வாக்குமூலமா என்று தெரியவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபோனில் யார் என்ன சொன்னாலும் கை அதை எழுதிக்கொள்ளும். எட்டு வருடமாக டிப்போக்காரர்கள் சொல்லச் சொல்லத் தட்டித் தட்டி, காதிலிருந்து விரலுக்கு நேராக ஒரு குழாய் போட்டது போல ஆகிவிட்டது. தலைக்குள் நுழைந்துதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. எழுதுவதும் அட்டவணைப் பாணியில்தான். வீட்டு நாட்காட்டியில் "பல் டாக்டர், கோடு, பத்து நாற்பது, கோடு, முதல் மாடி" என்று கிடக்கும். போன வருடம் மளிகைச் சீட்டில் துவரம்பருப்புக்கு நேராக நேரம் எழுதிவைத்திருந்தாள் என்று அக்கா இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அப்படியானால் நடந்தது இதுவாக இருக்கலாம். அக்கா ஃபோன் செய்தாள். ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிப் புலம்பினாள். பதினாலில் ஆறு பத்துக்கு ஒன்று இருந்தால் போதும் என்றாள். அந்த நேரத்தில் திரையில் ஒப்பிடும் ஜன்னல் திறந்திருந்தது. கை பாட்டுக்கு வலது பக்கத்தில் எழுதிவிட்டது. எழுதியதும் அந்த வரி பச்சையாகிவிட்டது. ஃபோனை வைத்துவிட்டு வந்தவள், பச்சையைப் பார்த்து, இரண்டாம் டிப்போ புதிதாக ஒரு வண்டி விடுகிறது போலிருக்கிறது, நல்லதுதான் என்று அம்பை அமுக்கிவிட்டாள். தான் எழுதியதைத் தானே இன்னொருவர் எழுதியதாக நம்பித் தானே அனுமதித்தும் விட்டாள்.

இருக்கலாம். ஆனால் அவளுக்கு நினைவில்லை. ஒரு துளிகூட இல்லை. அக்கா அப்படிப் புலம்பியது உண்மை. எந்த நாளில் என்று கேட்டால் தெரியாது. அக்கா புலம்பாத நாள் எது?

"சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொல்லிடலாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கோளாறு வந்தா தாறுமாறாத்தானே சார் எழுதும்? இது கோடு போட்டு எழுதியிருக்கு."

"அதுவும் சரிதான்" என்று மறுபடியும் துடைத்தார். "ஆனா ஒண்ணும்மா. எது எப்படிப் போனாலும் அந்த ஜன்னலைப் பூட்ட மட்டும் விட்டுடாதீங்க. டிப்போக்காரன் பூஜ்யத்துக்குப் பதிலா வட்டமா இங்கிலீஷ் 'ஓ'வைப் போட்டு அனுப்புவான். இப்ப அங்கேயே திருத்திட்டுப் போயிடறோம். பூட்டிட்டா? இதை மூடி, அசல் ஃபைலைத் தேடித் திறந்து, திருத்தி, சேவ் பண்ணி, மறுபடி ஒப்பிட்டு, நானூத்தி சொச்சம் வித்தியாசத்துல எங்க விட்டோம்னு தேடி... ஒரு புள்ளிக்கு அரை மணி நேரம். கை வைக்கக் கூடாத ஜன்னல்ல உக்காந்து நான் என்ன வேடிக்கையா பாக்கறது?"

அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பூட்டு சொல்வதும் சரி. ஒப்பிடுகிற இடம் சாட்சி மாதிரி. சாட்சியே கதையை மாற்றி எழுதினால் அப்புறம் எதை வைத்து எதைப் பார்ப்பது? இரண்டு பக்கமும் சரி என்றால் எந்த அம்பை அமுக்குவது என்று எட்டு வருடத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மண்டை காய்ந்தது.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அவள் ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குப் போனாள். அட்டவணையில்தான் எல்லா பஸ்ஸையும் பார்த்திருக்கிறாள். இந்த ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உள்ளுக்குள், அப்படி ஒரு பஸ்ஸே வராது, இது ஏதோ கணக்குக் குழப்பம் என்று ஆகிவிடாதா என்ற நப்பாசையும் இருந்தது.

நிறுத்தத்தில் ஏற்கெனவே நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள், கையில் கட்டுப்போட்ட ஒருவர், எக்ஸ்ரே உறையை மடியாமல் பிடித்துக்கொண்டு ஒரு தம்பதி. அக்கா அவளைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். "என்னடி அதிசயம்! வழி தவறிட்டியா?" சோப்பு வாசனையோடு வந்து அவள் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "எங்க சின்னவ. பஸ் ஆபீஸ்ல இருக்கா. இந்த பஸ்ஸே இவ விட்டதுதான்" என்றாள். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிடாத குறை. சின்னவளுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஆறு எட்டுக்கு பஸ் வந்து நின்றது. நெற்றியில் பதினாலு. தொட்டுப் பார்த்தாள், சுட்டது. நிஜமான பஸ். ஏறியதும் ஓட்டுநரிடம் போய்க் கேட்டாள். "அண்ணே, இந்த ட்ரிப் எப்பலேர்ந்து ஓடுது?"

"ஏழு வாரமா" என்றார் அவர், கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே. "முன்னாடி இந்த நேரத்துல டிப்போவுல சும்மா நிப்பேன். சீட்டுல வந்துச்சு, ஓட்டுறேன். முதல் நாள் காலி வண்டி. இப்ப பாருங்க, எள்ளு போட்டா கீழ விழாது. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாத்தாண்ணே."

அக்கா பிடித்துவைத்திருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். மூன்று நிறுத்தம் போயிற்று. நான்காவதில் சொல்லிவிட்டாள். "அக்கா, இந்த பஸ் தப்பு."

"எது, நம்பர் மாறி ஏறிட்டோமா?"

"இல்ல. இந்த பஸ்ஸே தப்பு. யாரும் விடல. ஃபைல்ல தெரியாம ஒரு வரி வந்திருக்கு. நாளைக்கு மீட்டிங்ல எடுத்துடுவாங்க."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். முன் இருக்கையைத் தட்டிப் பார்த்தாள். "நான் ஏறி உக்காந்திருக்கேன்" என்றாள். "இவ்வளவு பேரு உக்காந்திருக்காங்க. இதுவா தப்பு?"

"ரெண்டு டிப்போவும் கேக்கலக்கா."

"நான் கேட்டேனே! உங்கிட்ட எத்தனை தடவை கேட்டேன்? ஆறு பத்துக்கு ஒண்ணு இருந்தா போதும், ஒண்ணே ஒண்ணுன்னு." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இந்த வேலை போச்சுன்னா மறுபடி கூப்பிடுவாங்களா? குழந்தையை ஏழு மணிக்கு மேல காப்பகத்து வாசல்ல உக்கார வைக்கச் சொல்றியா?"

"டிப்போவுல ஃபோன்ல சொன்னாங்கன்னு நான் சொன்னா பஸ் ஓடும். மேலாளரே எடுத்துக் குடுக்குறாரு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப யாரு எழுதினது? நீயா?"

"தெரியலக்கா. சத்தியமா தெரியல."

"எழுதினவளுக்கே தெரியாதா? என்னடி வேலை பாக்குற நீ?" என்றாள் அக்கா. கோபமா, அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியாமல் மூன்றும் கலந்து வந்தது. இறங்கும்போது சின்னவளின் கையைப் பிடித்து, "எனக்காகப் பொய் சொல்லிட்டு நீ மாட்டிக்காத" என்றாள். இரண்டு அடி போய்த் திரும்பி, "ஆனா பஸ்ஸையும் எடுத்துடாத" என்றாள். இந்த இரண்டையும் எப்படி ஒட்டுவது என்று சொல்லாமலே காப்பகத்தை நோக்கி ஓடிப்போனாள். மணி ஆறு நாற்பத்தெட்டு.

வியாழக்கிழமை மீட்டிங்கில் பூட்டு ஒரு விண்ணப்பத்தாளோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு டிப்போவிலிருந்தும் தலா ஓர் எழுத்தர். முதலில் கண்ணாடிக்காரர் பேசினார். பூஜ்யம், வட்டம், நானூத்தி சொச்சம் எல்லாம் வந்தது. வேண்டுமானால் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிட்டு, ஒட்டி வருகிற இறுதிப் பக்கத்தை மட்டும் திறந்து வைக்கலாம் என்று ஒரு படி இறங்கி வந்தார். பூட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சின்னவளைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? டிப்போவுலேர்ந்து ஃபோன் ஏதாவது வந்துச்சா?"

மேசைக்கு அந்தப் பக்கம் பதில் தயாராக இருந்தது. வந்துச்சு சார் என்றால் போதும். இரண்டாம் டிப்போ எழுத்தரே புதியவர். முந்தையவர் சொல்லியிருப்பார் என்று அவரும் விட்டுவிடுவார். ஐம்பது பேர் வீட்டுக்குப் போவார்கள். ஒரு குழந்தை வாசலில் உட்கார வேண்டாம்.

"ஃபோன் வந்துச்சு சார்" என்றாள் சின்னவள். பூட்டின் முகம் தெளிந்தது. பேனாவைத் திறந்தார்.

"ஆனா டிப்போவுலேர்ந்து இல்ல. எங்க அக்காகிட்டேயிருந்து."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

எல்லாவற்றையும் சொன்னாள். காதிலிருந்து கைக்குப் போகிற குழாய், வலது பக்கம், பச்சை வரி, தானே அமுக்கிய அம்பு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஏதோ கட்டுக்கதை மாதிரிப் பட்டது. "அதனால ஜன்னலைப் பூட்டிடுங்க சார். ரெண்டு பக்கமும். எங்களுக்கு வேலை கூடும், கூடட்டும். டிப்போ என்ன அனுப்பினாங்கன்னு பாக்குற இடத்துல என் கை இருக்கக் கூடாது."

"அப்ப எழுதினது நீங்கதான். உறுதியா?"

"உறுதியா தெரியாது சார்."

"என்னங்க இது! பின்ன எதுக்கு ஒத்துக்கறீங்க?"

"வேற யாரா இருக்க முடியும்?"

பூட்டு விண்ணப்பத்தாளை அவள் பக்கம் திருப்பினார். தவறு எப்படி நேர்ந்தது என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. தெரிந்தே செய்தது. தெரியாமல் செய்தது. "ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணுங்க" என்றார்.

சின்னவள் பேனாவை எடுத்தாள். தெரியாமல் என்று போடலாம். ஆனால் அக்காவுக்கு அந்த பஸ் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துதானே இருந்தது? தெரிந்தே என்று போடலாம். ஆனால் எழுதியதே தெரியாதே? இரண்டு கட்டத்துக்கும் நடுவில் பேனாவைக் கொண்டுபோனாள். அங்கே கட்டம் இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூட்டுக்கு எதைப் பூட்டுவது என்று தெரியாமல் போயிற்று. தாளைக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியமே ஆள் வந்து ஜன்னலைப் பூட்டிவிட்டுப் போனான். இடது, வலது, கீழே இருக்கும் இறுதிப் பக்கம், எல்லாம். கண்ணாடிக்காரரின் யோசனையையும் விட்டுவைக்கவில்லை. இனி எந்த வரியைச் சேர்ப்பதானாலும் நீக்குவதானாலும் ஏதாவது ஒரு டிப்போ எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டால் மட்டுமே நடக்கும். விசையைத் தட்டினால் 'டொங்' என்று ஒரு சத்தம் வரும், எழுத்து வராது. பூட்டு நேரில் வந்து இரண்டு முறை தட்டிப் பார்த்து, டொங், டொங், திருப்தியாகப் போனார்.

திங்கட்கிழமைதான் அவருக்கு நினைவு வந்தது. ஆறு பத்தை எடுக்கவில்லை. வரி இன்னும் உள்ளேயே இருந்தது.

"சரி, டிப்போவைக் கேக்கச் சொல்லுங்க" என்றார். முதல் டிப்போவுக்குக் கடிதம் போயிற்று. எங்கள் வண்டியே இல்லை, இல்லாத வண்டியை நிறுத்தச் சொல்லி நாங்கள் எப்படிக் கேட்பது என்று பதில் வந்தது. இரண்டாம் டிப்போ எழுத்தர் நேரில் வந்தார். கேட்காத வண்டி என்று முதலில் ஃபோன் செய்தவர் அவர்தான். இப்போது மென்று விழுங்கினார். "நாங்க கேட்டு வரலதான் சார். ஆனா இப்ப நிறுத்தச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற ஐம்பது பேரும் என் பேரைத்தானே சொல்வாங்க? வண்டி அந்த நேரம் சும்மாதான் நின்னுச்சு. ஓடட்டுமே. நான் கேட்டேன்னும் சொல்ல வேண்டாம், கேக்கலைன்னும் சொல்ல வேண்டாம்."

ஆக, யாரும் விடாத பஸ்ஸை யாரும் நிறுத்தவும் இல்லை. தப்பு மறுபடி நடக்கக் கூடாது என்று போட்ட பூட்டு, நடந்த தப்பைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. சின்னவளுக்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று விளங்கவில்லை. கண்ணாடிக்காரர் மூன்று நாளாக அவளோடு பேசவில்லை; ஒரு பூஜ்யத்தைத் திருத்த அரை மணி நேரம் ஆகிறதே, பின்னே? இழுப்பறைக்குள் இருந்த விண்ணப்பத்தாளைப் பற்றிப் பூட்டு தினமும் காலையில் கேட்டார். "எந்தக் கட்டம்?" அவள் தினமும், "யோசிக்கிறேன் சார்" என்றாள். உண்மையாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அப்படிப்பட்டவள்தானா? கையா எழுதியது, மனசா? இல்லை, தலைவலியோடு நான் வெளியே போயிருந்தபோது கண்ணாடிக்காரர் எழுதியதை நான் சுமக்கிறேனா?

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், திரையில் புதிய இரண்டு கோப்பையும் திறந்துவைத்து மஞ்சள் வரிகளில் நின்றுகொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது. அக்கா. தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டாள்.

"வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல, சும்மாதான். எங்கூட மடிக்கிறாளே, அன்னிக்கு ஸ்டாப்ல பாத்தியே, அவளைக் காலை ஷிஃப்டுக்கு மாத்திட்டாங்க. மேட்டுக் குடியிருப்புலேர்ந்து காலைல அஞ்சே முக்காலுக்கு ஒண்ணுமே இல்லையாம். இருட்டுல நடந்தே வர்றா, பாவம். நான் உன்னைக் கேக்கல, நீ எதுவும் பண்ணிட வேணாம். சொல்றேன், அவ்வளவுதான். பதினாலுல அஞ்சு நாப்பத்தஞ்சுக்கு ஒண்ணு இருந்தா..."

"ம்" என்றாள் சின்னவள். "ம். அப்புறம்?"

"என்னடி சத்தம் அது? டொங்கு டொங்குன்னு மணி அடிக்குது?"

சின்னவளுக்கும் அப்போதுதான் கேட்டது. வெகுநேரமாக அடித்துக்கொண்டிருந்தது போலும். பக்கத்து நாற்காலியில் கண்ணாடிக்காரர் தன் வேலையை நிறுத்திவிட்டு அவளுடைய மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெல்லக் குனிந்தாள். இரண்டு கைகளும் விசைப்பலகை மேல் இருந்தன. வலது கை இன்னும் நிற்கவில்லை.

"சின்னவ? இருக்கியா? யாருடி அது?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள். "நான்தான்."